மாடி அறையில் நாற்பது ஓம்

நான் முதலை முதுகில் உட்கார்ந்து ஆற்றைக் கடந்த கதையை எங்கள் குடும்பமே தலையாட்டிக் கேட்டது. அதில் ஆற்றைத் தவிர வேறெதுவும் உண்மை இல்லை. ஆனால், “மரப்பெட்டிக்குள் ஒரு பல்பு எரிகிறது, பக்கத்தில் வாத்து முட்டைகள் இருக்கின்றன” என்று உள்ளது உள்ளபடி சொன்ன அன்று, என் தங்கை கணவர் கண்ணைச் சுருக்கினார்.

மாப்பிள்ளை மோட்டார்களுக்குக் காயில், அதாவது செப்புக்கம்பிச் சுருள், கட்டுகிறவர். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பிரித்துப் பழகியதால், மனிதர்களிடமும் எங்கே கருகியிருக்கிறது என்றுதான் தேடுவார். தங்கை எனக்கு மாடி அறையைத் தந்தபோது அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: மின்சார அடுப்பு கூடாது. மாடிக்கு வரும் ஒயர் மெலிசு, சுவருக்குள்ளேயே வெந்துவிடும். மீறினால் அன்றைக்கே நான் காலி செய்ய வேண்டும். எனக்குப் போக வேறு இடம் கிடையாது. முதலையும் இப்போது இல்லை.

என் கதவிடுக்கில் கதகதப்பு வருவதை அவருடைய கால்விரல்கள்தான் முதலில் கண்டுபிடித்தன. அப்புறம் கொடியில் காய்ந்த என் சட்டையை முகர்ந்து பார்த்தார். கீழே சாப்பிடும்போது நான் போதும் என்று கை காட்டியதும் அவருக்குச் சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது. திருட்டுத்தனமாகச் சமைக்கிறவனுக்குத்தானே வயிறு நிறைந்திருக்கும்.

ஒருநாள் காலையில் இரண்டு மீட்டர்களோடு மேலே வந்தார். குஞ்சுகள் ஓட்டைக் கொத்துகிற நேரம், மூடியைத் திறந்தால் சூடு போய்விடும் என்று கெஞ்சினேன்.

“திறக்க வேணாம் மச்சான். பிளக்கே பேசும்” என்றார்.

பிளக்கைப் பிடுங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மீட்டரின் இரண்டு முனைகளையும் பிளக்கின் கால்களில் வைத்தார். மின்தடை நாற்பது ஓம். சுவரிலேயே பென்சிலால் கணக்குப் போட்டார். இருநூற்று முப்பது வோல்ட்டை அதே இருநூற்று முப்பதால் பெருக்கி, நாற்பதால் வகுத்தார்.

“ஆயிரத்து முந்நூறு வாட்டுக்கு மேல வருது. இது பல்பா?”

கடைக்காரர் நூறு வாட் என்றுதான் கொடுத்தார் என்றேன்.

“முதலையும் அப்படித்தான் சொல்லுச்சா?”

வாசலில் நின்ற தங்கையின் முகம் வாடிவிட்டது. “அடுப்புன்னா அடுப்புன்னு சொல்லிடுண்ணே” என்றாள். மாப்பிள்ளை அதற்குள் பரணிலிருந்து என் சூட்கேஸை இறக்கித் தூசு தட்டித் திறந்து வைத்திருந்தார். மரியாதை தெரிந்த மனிதர்.

முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன. எரியும்போது ஒரு தடவை அளந்து பாருங்கள், பிறகு நானே போய்விடுகிறேன் என்றேன். நான் ஏதாவது சித்து வேலை செய்துவிடுவேன் என்று, இரண்டு கைகளின் மேலும் என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். ஒரு கம்பியை நறுக்கி நடுவில் ஒரு மீட்டரை இணைத்தார், இன்னொன்றைக் குறுக்கே வைத்தார், சுவிட்சைப் போட்டார். இருநூற்று முப்பது வோல்ட். மின்னோட்டம் அரை ஆம்பியர்கூட இல்லை, புள்ளி நாலு மூன்று.

பெருக்கினார்: தொண்ணூற்றொன்பது வாட். வகுத்தார்: ஐந்நூற்று முப்பத்தைந்து ஓம். என் கைகளைப் பார்த்தார். அவை எனக்கடியில் பத்திரமாக இருந்தன.

“அணைஞ்சிருந்தா அடுப்பு, எரிஞ்சா பல்பா?”

விடுவாரா? கீழே போய்த் தன் படுக்கையறையின் நூறு வாட் பல்பைக் கழற்றி வந்தார். அணைந்திருந்தபோது அதுவும் நாற்பது ஓம்தான்.

“அப்ப நம்ம ரூம்ல யாருங்க சமைக்கிறது?” என்று கேட்டாள் தங்கை.

மாப்பிள்ளை சூட்கேஸ் ஓரத்தில் உட்கார்ந்தார். மோட்டாரை எப்போதும் நிறுத்தி, ஆறவைத்து அளந்தே பழகிய கை. மோட்டார் காயில் சூடானால் மின்தடை கொஞ்சம்தான் ஏறும். பல்புக்குள் இருக்கும் கம்பியோ வெள்ளையாகப் பழுக்கிறது, மின்தடை பத்து மடங்குக்கு மேல் எகிறிவிடுகிறது. இதையெல்லாம் அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்தல்ல.

அப்படியும் சந்தேகம் முழுதாக இறங்கவில்லை. “சரி, உள்ள டொக்கு டொக்குன்னு தட்டுறது யாரு?” என்று, நான் தடுப்பதற்குள் மூடியைத் தூக்கிவிட்டார்.

ஓட்டைவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்த ஒரு குஞ்சு, உலகத்தில் முதன்முதலாக அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பார்த்தது. அம்மா என்று முடிவு செய்துவிட்டது. மறுநாள் பொரிந்து வந்த மற்றவையும் அதையே நம்பின. இப்போது அவர் பட்டறைக்குக் கிளம்பினால் வாத்து வரிசை பின்னாலேயே போகிறது. தெருமுனையில் அவர் நின்று பார்த்தால் அவையும் நின்று, யாரைச் சந்தேகப்படலாம் என்று திரும்பிப் பார்க்கின்றன.

என்னை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. சொன்னாலும் முடியாது, சூட்கேஸில் குஞ்சுகள் தூங்குகின்றன. அவற்றில் ஒன்று மட்டும் திருட்டு முழி முழிக்கிறது என்று மாப்பிள்ளை நேற்று மீட்டரை எடுத்தார்.

“அளக்கிறதுன்னா இப்பவே அளந்துக்குங்க மாப்பிள்ளை” என்றேன். “ஆறட்டும்னு மட்டும் காத்திருக்காதீங்க.”