சேமிக்காத பூக்கள்

அன்று காலை டைல் தொழிற்சாலையின் டிசைன் அறையில் இருந்தவர்கள்: டைல்களுக்குப் படம் வரையும் என் அக்கா, தன் நாற்காலியில். முதலாளியம்மா, உட்காரச் சொல்லியும் உட்காராமல் ஜன்னலோரம். புது மென்பொருளை விற்க வந்தவர், டை கட்டி, இடுங்கிய அறையில் தன் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், டைல்ஸ் ஒட்டும் கொத்தனார், சிமெண்ட் அப்பிய செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு. அப்புறம் நான்.

என்னை யாரும் கருத்துக் கேட்க அழைக்கவில்லை. இதே தொழிற்சாலையின் சூளையில் இரவு ஷிப்ட் பார்த்துப் பாதியில் விட்டவன் நான். அதற்கு முன் கல்லூரியையும் அப்படித்தான் விட்டேன். விட்டதில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. இப்போது பகலில் பிரிண்டருக்கு மை ஊற்றுகிறேன், அக்கா முடித்த படங்களைச் சூளைக்காரர்களுக்கு அனுப்புகிறேன். கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு எனக்குத்தான் தெரியும் என்பதால் அங்கே நின்றேன்.

விஷயம் இதுதான். ஒரு புது ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள். அதன் தரை முழுக்க, நடைபாதை, காத்திருக்கும் கூடம், குழந்தைகள் வார்டு எல்லாவற்றுக்கும், எங்கள் கம்பெனியின் டைல்கள்தான். ஆனால் கட்டடத்தை வடிவமைக்கிறவர் ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். படங்கள் புது மென்பொருளில்தான் வர வேண்டும், அவர் தன் இடத்தில் இருந்தபடியே திறந்து பார்க்க வேண்டும். எங்கள் கம்பெனியின் இன்னொரு கிளை ஏற்கெனவே புதுசுக்கு மாறிவிட்டது. அக்கா மட்டும் பழைய பதிப்பிலேயே இருக்கிறாள். மாறமாட்டேன் என்றால் ஆஸ்பத்திரி அந்தக் கிளைக்குப் போய்விடும்.

"உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன்மா," என்றார் முதலாளியம்மா. "நீ சொல்றதுதான். ஆனா இன்னிக்கே சொல்லணும்."

அக்கா திரையில் இருந்த பழைய பதிப்பின் சாம்பல் நிறச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விசைப்பலகையில் பாதி எழுத்துகள் தேய்ந்து காணாமல் போயிருக்கின்றன. அவளுக்கு அவை தேவையும் இல்லை. நடுவில் அந்த மென்பொருள் உறைந்துபோகும். பக்கத்தில் ஒருவர் தும்மப் போகிறார் என்றால் நாம் பேச்சை நிறுத்திக் காத்திருப்போமே, அப்படிக் கையை எடுத்துக்கொண்டு காத்திருப்பாள். அது தும்மி முடித்ததும் மறுபடி தொடுவாள். திட்டமாட்டாள். என்னை மட்டும் திட்டுவாள்.

அவள் வரைந்த தரைகளை எல்லாரும் மிதித்திருக்கிறார்கள். பஸ் நிலையம், நீதிமன்ற வராந்தா, மூன்று பள்ளிக்கூடங்கள், எண்ணிலடங்காத வீடுகளின் சமையலறைகள். எந்த டைலிலும் அவள் பெயர் இல்லை. எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் தலையைக் குனிந்துகொண்டே நடப்பாள். பார்க்கிறவர்கள் அடக்கமான பெண் என்று நினைப்பார்கள். அடக்கமாவது ஒன்றாவது. ஒருமுறை வங்கி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் தரையைப் பார்த்து, "பச்சையக் கொஞ்சம் கொறச்சிருக்கலாம், இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுக்கு முன்னால் நின்றவர் தன் பச்சைச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

விற்க வந்தவர் தன் மடிக்கணினியைத் திறந்து, அக்காவின் டிசைன்களிலேயே அதிகம் விற்ற கொடி டிசைனைப் புது மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டார். ஒரே ஒரு டைல் நொடியில் ஒரு கூடமாக விரிந்தது. முதலாளியம்மா ஜன்னலை விட்டு இரண்டடி முன்னால் வந்தார். இதே காரியத்துக்கு அக்கா ஒரு பகல் முழுக்க ஒவ்வொரு டைலாக நகல் எடுத்து ஒட்டிப் பார்ப்பாள். அப்போது திரையில் சின்னச் சின்னச் சிவப்பு வளையங்கள் முளைத்தன.

"எட்டு எடத்துல பிழை காட்டுது பாருங்க மேடம். விளிம்புக்கு வரும்போது கோட்டோட தடிமன் மாறுது. கவலையே வேணாம், ஒரே அழுத்து, அதுவே சரி பண்ணிடும்."

"அது பிழை இல்ல," என்றாள் அக்கா. "எங்க வீட்டுக்காரர்."

மாமா நிமிர்ந்தார். "நான் என்ன பண்ணேன்?"

"நீங்க ஒட்டுற லட்சணத்துக்குத்தான் அந்த எடத்துல கோட்டத் தடிப்பா விட்டிருக்கேன். இம்மி தள்ளி வெச்சாலும் ஒரு கோடு இன்னொரு கோட்டத் தொட்டுக்கும். பாக்குறவங்களுக்குத் தெரியாது."

"நாலு பேர் முன்னாடி மானத்த வாங்குறியே."

"இருந்தாத்தானே வாங்குறதுக்கு."

முதலாளியம்மா சிரித்துவிட்டார். மாமா கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். அவர் திரைக்குக் கிட்டே போய், குனிந்து, சிவப்பு வளையம் ஒன்றை விரலால் தொட்டார். "அப்ப பாதி ஊரு தரையில நான் இருக்கேன்னு சொல்லு," என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. மனுஷன் தப்பாக ஒட்டியதற்குச் சிலை வைத்த மாதிரி.

விற்க வந்தவரும் நல்ல மனிதர்தான். அக்கா சொன்னதைப் புரிந்துகொண்டார். தானாகத் திருத்துவதை நிறுத்திவைக்க ஒரு இடம் இருக்கிறது என்று காட்டினார். நிறுத்தினார். வளையங்கள் மறைந்தன, அக்காவின் தடித்த கோடுகள் அப்படியே இருந்தன. அதாவது வேண்டாம் என்று சொல்ல அவளிடம் இருந்த நல்ல காரணம் அத்தோடு போயிற்று. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நிம்மதி இல்லை. ஏனென்றால் அது அவளுடைய நிஜமான காரணம் இல்லை.

அந்த நிஜமான காரணத்துக்கு விற்க வந்தவரே அடுத்ததாக வந்து சேர்ந்தார். "இதுதான் மேடம் எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்ச விஷயம். நீங்க எதையும் சேமிக்கவே வேணாம். போடுற ஒவ்வொரு கோட்டையும் அதுவே சேமிச்சுக்கும். அழிச்சதும் அழியாது. ஆரம்பத்துலேர்ந்து படம் மாதிரி ஓட்டிப் பாக்கலாம். நீங்க மட்டும் இல்ல, கம்பெனில யார் வேணா, எப்ப வேணா பாக்கலாம்."

"அழிச்சதுமா?" என்றாள் அக்கா.

"அழிச்சதும்தான்."

அக்கா கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். அக்கா ஒரு பூ வரைவாள். சரியில்லை என்றால் திருத்தமாட்டாள், மூடிவிடுவாள். மூடும்போது பழைய மென்பொருள் மணியடித்துக் கேட்கும், சேமிக்கவா என்று; அந்த மணி கதவுக்கு வெளியே என் காதிலும் விழும். வேண்டாம் என்பாள். மறுபடி வெற்றுச் சதுரத்திலிருந்து தொடங்குவாள். நாள் முழுக்க அந்த அறையில் இதுதான் நடக்கும். கடைசியில் வெளியே வருவது ஒன்றே ஒன்று. அதைப் பார்க்கிறவர்கள் இந்தம்மாவுக்குக் கையில் பூ தானாகப் பூக்கிறது என்பார்கள். அவளும் மறுத்ததில்லை. ஒருமுறை நான் மைக் குப்பியோடு கதவைத் தட்டாமல் உள்ளே போய்விட்டேன். திரையில் ஒரு பூ இருந்தது. யாரோ மிதித்த நண்டு மாதிரி. குளியலறைக் கதவை யாரோ திறந்துவிட்டதுபோல் அவள் திரையைச் சட்டென்று சுவர்ப்பக்கம் திருப்பினாள். ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. வீட்டில் மாமாகூட அவள் முடிக்காத படம் ஒன்றைப் பார்த்ததில்லை.

ஆக ஒரு பக்கம் ஆஸ்பத்திரி. இன்னொரு பக்கம் நண்டுகள் அத்தனையும் கம்பெனி முழுக்க ஊர்ந்து போவது. வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றுகூட நினைத்தேன். அவள் இடத்தில் நான் இருந்தால் எழுந்து போயிருப்பேன். எழுந்து போவதில் எனக்கு அனுபவம் உண்டு.

அக்கா கையை எடுத்துக்கொண்டதைப் பார்த்து விற்க வந்தவருக்குச் சங்கடமாகிவிட்டது. "ஒரு உதாரணம் காட்டுறேன்," என்று வேகமாக எதையோ தேடித் திறந்தார். இன்னொரு கிளையின் டிசைனர் செய்தது. அவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். பரிசெல்லாம் வாங்கியவர். கம்பெனி காலண்டரில் அவர் படம்தான் போடுவார்கள், தாடையில் கை வைத்து, தூரத்தில் எதையோ பார்க்கிற மாதிரி. போன வருஷம் ஒரு பெரிய ஓட்டலுக்கு அவர் செய்த இலை டிசைனைத் திறந்து, ஓட்டினார்.

வெற்றுச் சதுரம். ஒரு இலை வந்தது. போனது. கொஞ்சம் பெரிய இலை வந்தது. அதன் காம்பு வளைந்தது. பிறகு அதே இலை, நீலத்துக்குப் பதில் கரும்பச்சை. அது நாலாகி, நாற்பதாகி, தரையானது. முடிந்தது. மாமா விட்ட கொட்டாவி அப்போதுதான் பாதி வந்திருந்தது.

"அவ்ளோதானா?" என்றாள் அக்கா.

"அவ்ளோதான் மேடம். எக்ஸ்பர்ட் இல்லையா."

"இன்னொரு தடவ ஓட்டுங்க."

ஓட்டினார். அக்கா முன்னால் சாய்ந்து பார்த்தாள். இலை, பெரிய இலை, கரும்பச்சை.

"மூணாவதோட நிறுத்திட்டாரா?" என்றாள். கேட்ட விதத்தில் கேலி இல்லை. வியப்பும் இல்லை. வசதியான வீடு என்று நினைத்திருந்த பக்கத்து வீட்டில் மூன்று வேளையும் ஒரே குழம்புதான் என்று தெரியவந்தால் எப்படி இருக்கும், அப்படி. பிறகு மூக்கு வழியாகச் சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளியம்மா எங்களைப் பார்த்தார். எனக்கும் முதலில் விளங்கவில்லை.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்தாள். "மாத்திடுங்கம்மா," என்றாள்.

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"நான் ஒரு பூவுக்கு நாப்பது தடவ தோத்துப்போவேன்மா. சில நாள் அதுக்கு மேலயும். இத்தன வருஷமா யாரும் பாத்துடக் கூடாதுன்னு ஒண்ணு விடாம அழிச்சேன். இனிமே இருக்கட்டும். யாருக்குப் பாக்கணுமோ உக்காந்து முழுசாப் பாக்கட்டும். ஆனா ஒண்ணு. அந்தத் தானாத் திருத்துறது என் மிஷின்ல வேணவே வேணாம்."

முதலாளியம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். நாற்பது என்ற எண்ணை அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. நம்பும்படி இனி ஆகும்.

வெளியே வந்ததும் மாமா என் கையைப் பிடித்தார். "மாப்ள, நெஜமாவே நாப்பது தடவையா?"

"கொறச்சுச் சொல்லியிருக்கா."

"சாயங்காலம் வந்து எங்கிட்ட, இன்னிக்கு ஒண்ணும் பெருசா வேல இல்லன்னு சொல்வா மாப்ள." செருப்பைப் போட்டுக்கொண்டு சிறிது தூரம் போனவர் திரும்பி வந்தார். "நானும் இனிமே கொஞ்சம் நேரா ஒட்டணும் போல இருக்கு," என்றார். அதைச் செய்யமாட்டார்.

மதியத்துக்குள் புது மென்பொருளைப் போட்டு முடித்தேன். அக்கா குழந்தைகள் வார்டுக்கான பூவைத் தொடங்கினாள். அசிங்கமாகத்தான் தொடங்கியது. அவள் விரல்கள் பழைய வழியிலேயே போயின. நகல் எடுக்க அழுத்துவாள், எல்லாம் தலைகீழாகும். பெரிதாக்க அழுத்துவாள், பூ ஓரத்துக்கு ஓடும். "எங்கடா போச்சு?" என்பாள். பிடித்துக்கொண்டு வந்து கொடுப்பேன். ஒரு பூவைப் பாதியில் விட்டு அடுத்ததைத் தொடங்குவாள். விட்டதெல்லாம் போகாமல் திரையின் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக வரிசையில் போய் நின்றது. நண்டு, நசுங்கின நண்டு, குடை, பல் போன சக்கரம். அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

நடுவில் மேல் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. யாராவது திறந்து பார்த்தால் அப்படி எரியும் என்று விற்க வந்தவர் சொல்லியிருந்தார். நான் சுட்டியை அதன் மேல் கொண்டுபோனேன், பெயர் வந்தது.

"அக்கா, மாஸ்டர் பாக்குறாரு."

அவள் கை நின்றது. திரையைத் திருப்பிவிடுவாளோ என்று ஒரு கணம் நினைத்தேன், திருப்பி இனி பயனில்லை என்றாலும். பிறகு மறுபடி ஒரு இதழைத் தொடங்கினாள்.

"பாக்கட்டும்," என்றாள். "எதுவும் கேட்டாருன்னா சொல்லு, இன்னும் நெறைய அசிங்கம் வருது, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காரச் சொல்லு."

சாயங்காலம் வேலை நேரம் முடிந்தபோது பூவுக்கு ஐந்து இதழ்கள் இருந்தன. நாலு பரவாயில்லை. ஐந்தாவது, அடி வாங்கின உதடு மாதிரி வீங்கியிருந்தது. அக்கா மூடப் போனாள். புது மென்பொருள் எதுவும் கேட்கவில்லை. சேமிக்கவா வேண்டாமா என்ற பேச்சே அதில் கிடையாது. வேண்டாம் என்று சொல்ல நீட்டிய விரல் சும்மா நின்றது. விரலை மடக்கிக்கொண்டாள். பூவை மூடாமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

"அணைக்கட்டுமாக்கா?"

"வேணாம், இருக்கட்டும். காலைல அந்த இதழைப் பாக்கணும்."

வாசலில் மாமாவின் வண்டி ஹாரன் இரண்டு முறை கத்தியது. "வரேன், வரேன், ஊரையே எழுப்பாதீங்க," என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் நடந்தாள். தரையைப் பார்க்கவில்லை, நேராகப் பார்த்து நடந்தாள். நான் விளக்கை அணைத்தேன். இருட்டில் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. வீங்கின இதழ், ஓரத்தில் நண்டுகளின் வரிசை, மூலையில் இன்னும் எரிகிற பச்சைப் புள்ளி. கதவை இழுத்துச் சாத்தி, பூட்டினேன்.