ஜீப்புக்காரியின் கையெழுத்து

விஜயலட்சுமியை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது. முகத்துக்கு நேரே 'அக்கா'. முதுகுக்குப் பின்னால் 'ஜீப்புக்காரி'. எல்லாம் அமிர்தம் டீச்சர் எழுதிய ஒரு நாவல் செய்த வேலை.

புருஷன் கண்ணாயிரம் கரும்புக் கழியால் அடித்த ஒரு நாள், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வெள்ளிமலை பஸ் ஏறினாள் விஜயலட்சுமி. மூன்று நாள் அங்கே சாமை அறுத்தாள். நாலாம் நாள் பால் கட்டி மார்பு நெருப்பாய்க் கொதிக்க, குழந்தையைத் தேடித் திரும்பிவிட்டாள். நடந்தது அவ்வளவுதான். அதை டீச்சர் ஒருவரிடம்தான் அழுதுகொண்டே சொன்னாள்.

டீச்சர் எழுதிய கதையிலோ அவள் திரும்பவே இல்லை. மலையில் ஒரு ஜீப் டிரைவரோடு குடித்தனம் நடத்தினாள். பெயரையாவது மாற்றியிருக்கலாம். 'விஜயா' என்றே வைத்தார். அந்தப் புத்தகத்துக்குச் சென்னையில் பரிசு கொடுத்தார்கள், ஊரில் கொளுத்தினார்கள்.

டீச்சர் போன வருஷம் இறந்துபோனார். புது நூலகத்துக்கு அவர் பெயரை வைப்பதா வேண்டாமா என்று இன்று கிராம சபையில் முடிவு.

"நீ வந்து ஒரு வார்த்தை சொல்லும்மா" என்றாள் மகள் இலக்கியா. உளுந்தூர்பேட்டையில் நர்ஸ் வேலை. இதற்காகவே காலை பஸ்ஸில் வந்திருந்தாள்.

"அந்தம்மா பேரக் கேட்டாலே எனக்கு வயிறு எரியுதுடி."

"எரியட்டும். அப்பா என்னைப் பத்தாவதோட நிறுத்தினப்போ நம்ம வூட்டு வாசல்ல வந்து உக்காந்துக்கினு, பொண்ண அனுப்பாம எழுந்திருக்க மாட்டேன்னது யாரு?"

அன்றைக்கு டீச்சர் பொழுது சாயும்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு சொம்பு தண்ணீர்கூட விஜயலட்சுமி கொடுக்கவில்லை. அது இன்னமும் உறுத்துகிறது.

பள்ளிக்கூடத்துப் பந்தலில் தலைவர் சிவசங்கர் தீர்மான நோட்டைப் பிரித்தார். "டீச்சர் பேரு வேணாம்னு ஜாஸ்தி ஜனங்க கையெழுத்துப் போட்டுட்டாங்க. பொம்பளைங்களே நாப்பத்தஞ்சு பேரு. முடிஞ்சுதுங்க."

பந்தலில் பெண்கள் பத்துப் பேர்கூட இல்லை.

"நாப்பத்தஞ்சு பேரும் எப்போ வந்து போட்டாங்க?" என்றாள் இலக்கியா.

"வூட்டுக்கு வூடு நோட்டு வந்துச்சே, தெரியாதாம்மா?"

அந்த ஊரில் எப்போதும் அப்படித்தான். நோட்டு வாசலுக்கு வந்தால் வீட்டு ஆம்பிளை தனக்கும் போடுவான், பெண்டாட்டிக்கும் போடுவான். யாருக்கும் அது தப்பாகத் தோன்றியதில்லை.

விஜயலட்சுமி எழுந்து போய்ப் பார்த்தாள். அவள் பெயருக்கு நேரே ஒரு கோழிக்கிறுக்கல்.

"இத யாரு போட்டது?"

"நான்தான் போட்டேன், இன்னா இப்போ?" என்றான் கண்ணாயிரம். "உன் மானத்துக்குத்தான்டி போட்டேன்."

"ஜீப்பு வந்துடப் போவுது, வழி வுடுங்கப்பா!" என்றான் பின்வரிசையிலிருந்து பச்சமுத்து. பந்தல் சிரித்தது.

வழக்கமாக இந்த இடத்தில் விஜயலட்சுமியின் தலை குனிந்துவிடும். இன்று குனியவில்லை.

"டீச்சரு என் கதைய என்னைக் கேக்காம எழுதுனாங்க. தப்புதான். சாவுறதுக்கு முன்ன கூப்ட்டு அனுப்பி, கையப் புடிச்சுக்கினு, மன்னிச்சிடு விஜயலட்சுமின்னு அழுதாங்க. நான் பேசாம வந்துட்டேன். நீ கட்டுன நாள்லேர்ந்து எனக்கும் சேத்து நீயே போட்டுக்கினு இருக்கியே, ஒரு நாளு கேட்டியா?"

கண்ணாயிரம் பந்தல் காலைப் பார்த்தான்.

"அது என் கையெழுத்து இல்லீங்க தலைவரே. அடிங்க."

"நோட்டுல அடிக்கக் கூடாதும்மா."

"அப்போ பேனாவக் குடுங்க. கீழ நானே போடறேன். டீச்சர் பேர வைங்க. அந்தப் பொஸ்தகத்தையும் வைங்க. ஆனா நடந்தது இன்னான்னு நான் சொல்லச் சொல்ல இலக்கியா எழுதுவா. அதுவும் பக்கத்துலயே இருக்கணும். நான் போனதும் பஸ்ஸு, வந்ததும் பஸ்ஸு. ஜீப்பே கெடையாது."

அவள் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதி முடிக்கும்வரை தலைவர் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் நிமிர்ந்தபோது பின்னால் பச்சமுத்துவின் பெண்டாட்டி ராஜாம்பாள் நின்றிருந்தாள்.

"அப்படியே என் பேரு எங்க இருக்குதுன்னு பாருங்க தலைவரே. யாரு போட்டதுன்னு நானும் பாக்கணும்."