சிவப்பு நூல் கட்டிய பூக்கள்

தையல்காரிக்கு ஓரகத்தி மேல் சந்தேகம் விழுந்து மூன்று மாதம் ஆகிறது. கொல்லையில் நிற்பது இவள் நட்டு, இவள் தண்ணீர் ஊற்றிய மாதுளை. கிளை கொள்ளாமல் பூக்கிறது, காய் மட்டும் நாலைந்துக்கு மேல் பிடிப்பதில்லை. பூவெல்லாம் எங்கே போகிறது, இறக்கை கட்டிப் பறக்கிறதா? வீட்டில் இருப்பது இரண்டே குடும்பம். அந்தப் பக்கத்து அறைகளில் இருப்பவள், வாயைத் திறக்காத மூத்த ஓரகத்தி. மனசுக்குள் இவள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ஊமைக்கோட்டான்.

"பொறாமை, வேறென்ன? காய்க்கக் கூடாதுன்னு கிள்ளிப் போடுறா," என்றாள் புருஷனிடம். "கையும் களவுமா பிடிக்கிறேன். அப்புறம் கொல்லைக்கு நடுவுல சுவர்தான். கொத்தனாரை நாளைக்கு வரச் சொல்லியாச்சு."

"உன் பாடு, அண்ணி பாடு," என்று அவன் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டான். பலே ஆள்!

இவளுக்குத் தெரிந்த ஆயுதம் நூல்தான். அன்று சாயங்காலம் ஒவ்வொரு பூவின் காம்பிலும் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு போட்டாள். நாற்பத்திரண்டு. காலையில் எண்ணினால் முப்பத்தொன்று. பற்றிக்கொண்டு வந்தது. நேரே ஓரகத்தியின் அறைக்குள் நுழைந்தாள்.

ஜன்னலோரம் தட்டு நிறைய மாதுளம்பூ காய்ந்துகொண்டிருந்தது. மேலாகக் கிடந்த பூக்களில் சிவப்பு நூல்!

"இதுக்கு என்னக்கா சொல்றீங்க? என் மரத்தை மொட்டையடிக்கிறதுதான் உங்க வேலையா?"

மூத்தவள் ஒரு பூவை எடுத்து நீட்டினாள். "தரையில பொறுக்கினதுடி. அடியைப் பாரு, புனல் மாதிரி ஒல்லியா இருக்கா? இது ஆண் பூ. காய் பிடிக்காது, தானா உதிர்ந்துடும். காயாகுற பூவுக்கு அடி குடம் மாதிரி பருத்திருக்கும். அதை நான் தொட்டதே இல்ல."

தையல்காரி தட்டைக் கிளறினாள். பருத்த பூ ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சந்தேகம் சும்மா இருக்குமா?

"உதிர்ந்த பூ உங்களுக்கு எதுக்கு?"

"கஷாயம் வைக்க."

"என்ன கஷாயம்?"

மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் இவளுக்குப் பொறி தட்டியது. கொஞ்ச நாளாக ஓரகத்தி தைக்கக் கொடுத்தனுப்பியதெல்லாம் பாவாடை, அத்தனையும் கறுப்பு. சூனியம் கீனியம் வைக்கிறாளோ என்றுகூட நினைத்தாளே, பாவி!

"ரத்தப்போக்கா, அக்கா?"

"எட்டு மாசமா. மாதுளம்பூ கேட்கும்னு சொன்னாங்க. முதல்ல கொஞ்சம் கேட்டுச்சு. இப்ப நிக்கவே மாட்டேங்குது." உதடு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. பூவை எண்ணத் தெரிந்தவளுக்கு இத்தனை நாள் அது கண்ணில் படவில்லை.

வாசலில் கொத்தனார் அளவு நாடாவோடு வந்து நின்றார். "சுவர் எந்தப் பக்கம்மா?"

"சுவரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். ஓடிப்போய் ஒரு வண்டி கூட்டிட்டு வாங்கண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

ஓரகத்தியைக் கைத்தாங்கலாக எழுப்பும்போது தையல்காரிக்கு அழுகை முட்டியது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"எப்படிடி சொல்றது? நீ எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசி வருஷம் ஒண்ணாச்சே."