பன்னிரண்டு மணிக்கு மஞ்சள் குடை

கிராக்கோவுக்கு வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டித்தான் இருபத்தாறு வருடமாகப் பிழைக்கிறேன். காட்டாத சந்து இல்லை, சொல்லாத கதை இல்லை. ஆனால் மாதா கோவில் கோபுரத்தின் உச்சியில் மணிக்கொரு தரம் நாலு சன்னலிலும் ஒவ்வொன்றாக நின்று எக்காளம் ஊதுகிறாரே, அந்தத் தீயணைப்புக்காரரை மட்டும் கடந்த ஆறு வருடமாக யாருக்கும் நான் காட்டியதில்லை. மற்ற வழிகாட்டிகள் மணியடிக்கும் முன்பே ஆட்களை இழுத்து வந்து, கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்பார்கள். நானோ ஐந்து நிமிடம் இருக்கும்போதே என் ஆட்களை ஏதாவது ஒரு சந்துக்குள் ஓட்டிக்கொண்டு போய்விடுவேன். ஊதுவது எங்கள் ஊரில் தீயணைப்புப் படையின் வேலை; அப்படி ஊதுகிறவர்களில் ஒருவன் என் அண்ணன் லெஷெக். இன்று யார் முறை என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது, ஆகையால் எல்லா மணியும் எனக்கு ஆகாத மணிதான்.

எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியது ஒரு சனிக்கிழமை, பதினொன்றரைக்கு. நான் அப்போது நாற்பது பேரை வாவெல் குன்றின் பேராலயத்துக்குள் கூட்டிப்போய் ராஜாக்களின் கல்லறையைக் காட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே போனால் ஃபோனை அணைத்துவிட வேண்டும். லெஷெக் நாலு தடவை கூப்பிட்டிருந்தான். அடக்கத்தன்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், "செத்த ராஜாக்களை ஊராருக்குக் காட்டிக்கிட்டு இருந்தா. பெத்தவ சாகறப்ப வரலை" என்றான். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் எப்போது சும்மா இருந்திருக்கிறது? "நீ மட்டும் பக்கத்துல இருந்தியாக்கும்? நீயும் கோபுரத்து மேலதானே நின்னே?" என்றேன். அவன் முகம் வெளுத்துப்போனது. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். அதோடு பேச்சு நின்றது.

இந்த ஏப்ரலில் ஒரு நாள் காலை அண்ணி இரேனா கூப்பிட்டாள்.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு அவர் இறங்கிடுவார் போஷெனா. அதோட ஓய்வு. இன்னைக்குப் பன்னண்டு மணிக்கு ரேடியோவுல போகப்போறதும் அவர் ஊதறதுதான்."

"எனக்கு வேலை இருக்கு இரேனா. ரெண்டு மணி நேரத்துக்கு ஆள் வந்திருக்காங்க."

"உன்னை வரச் சொல்லலையே. தகவல் சொன்னேன்" என்று வைத்துவிட்டாள்.

ஃபோனைப் பார்த்தபடியே நின்றேன். அவன் மேலேயும் நான் கீழேயும் இருக்கிற வரைக்கும் சமாதானமாவதற்கு ஒரு கையசைப்பு போதும். ஊதி முடித்ததும் கீழே நிற்பவர்களுக்குக் கையசைப்பது ஊதுகிறவர்கள் வழக்கம். யாரும் பதிலுக்கு அசைக்கலாம். நாளைக்குத் தரைக்கு வந்துவிட்டானென்றால் எதிரே நின்று பேச வேண்டும். அது என்னால் ஆகாது என்று எனக்கே தெரியும். ஆக, இன்றைக்கு விட்டால் என்றைக்கும் இல்லை. இவ்வளவும் தெரிந்துகொண்டே, பன்னிரண்டு மணிக்குச் சதுக்கத்தை விட்டு எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்று வழியைக் கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வந்தவர்கள் டென்மார்க்கிலிருந்து வந்த அக்காளும் தம்பியும். இங்கருக்கு எழுபத்தைந்து வயது. அக்செலுக்கு எழுபத்தொன்று, காது மந்தம். வருடத்துக்கு ஒரு ஊர் என்று சேர்ந்து போவார்களாம், போகிற ஊரிலெல்லாம் சண்டை போடுவார்களாம். இதை அவர்கள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, நான் கை குலுக்கும்போதே சண்டை நடந்துகொண்டிருந்தது.

"கம்பளித் தொப்பி எடுத்துக்கோன்னு சொன்னேனா இல்லையா?"

"எனக்குக் குளிரலை அக்கா."

"மூக்கு சிவந்திருக்கு. மூக்கு பொய் சொல்லுமா?"

நான் எப்போதும் சொல்வதைச் சொன்னேன். "நான் கண்ணுல படலைன்னா இந்த மஞ்சள் குடையைத் தேடுங்க. தூக்கிப் பிடிச்சிருப்பேன். குடை இருக்கற இடத்துல நான் இருப்பேன்."

வழிகாட்டி வில்லை கிடைத்த அன்று அம்மா வாங்கித் தந்த குடை அது. துணியை மூன்று தரம் மாற்றிவிட்டேன், நிறத்தை மாற்றவில்லை. கோபுரத்து மேலிருந்து பார்த்தால் வழிகாட்டிகளின் முகம் தெரியாது. குடையை வைத்துத்தான் யார் யார் என்று ஊதுகிறவர்கள் அடையாளம் சொல்வார்கள்.

வாவெலில் ஆரம்பித்தோம். அக்செல் ஒவ்வொரு கல்லறை முன்பும் நின்று, பிறந்த வருடத்தையும் இறந்த வருடத்தையும் கழித்துப் பார்த்து, "இந்தாளு என்னைவிட சின்னவன்" என்று சந்தோஷப்பட்டார். இங்கர் தன் கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து, கேட்காமலேயே அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவரும் பார்க்காமலேயே வாயில் போட்டுக்கொண்டார். வாய் மட்டும் ஓயவில்லை, இரண்டு பேருக்கும். எனக்கு ஏனோ அவர்களைப் பார்க்கவும் பிடித்தது, பார்க்கவும் முடியவில்லை.

பதினொன்றரைக்கு, யூதர் பேட்டைப் பக்கம் போகலாம் என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"பன்னண்டு மணிக்கு எக்காளம் கேக்கணும்" என்றாள் இங்கர். "அதுக்குத்தான் இந்த ஊரே வந்தோம்."

"ஒரு மணிக்கும் ஊதுவாங்க. நாள் முழுக்க ஊதுவாங்க. கூட்டம் கம்மியா இருக்கறப்ப நீங்களே..."

"ஒரு மணிக்கு இவன் தூங்கணும். தூங்கலைன்னா சாயங்காலம் இவனை யாரு மேய்க்கறது?"

சதுக்கத்தை நோக்கி நடந்தோம். வழியில், எக்காளம் ஏன் பாதியில் நின்றுபோகிறது என்ற கதையை, தினமும் சொல்லுகிற அதே குரலில் சொன்னேன். எதிரிகள் வருவதைக் கண்டு கோபுரக் காவலாளி எக்காளம் ஊதினான், தொண்டையில் அம்பு பாய்ந்தது, அவன் விட்ட இடத்திலேயே இன்றும் விடுகிறார்கள். எல்லாரும் இந்த இடத்தில் ஐயோ என்பார்கள். இங்கர் சொல்லவில்லை.

"அந்தக் காவலாளிக்குக் கூடப் பிறந்தவங்க யாராவது இருந்தாங்களா?"

இருபத்தாறு வருடத்தில் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. கால் அப்படியே நின்றுவிட்டது.

"என்ன ஆச்சு? தப்பா கேட்டுட்டேனா?"

"மேல இன்னைக்கு ஊதப்போறது என் அண்ணன்" என்றேன். ஆறு வருடமாக யாரிடமும் சொல்லாததை, காலையில் அறிமுகமான ஒரு டென்மார்க்குக்காரியிடம், ஐந்து நிமிட நடையில் கொட்டிவிட்டேன். அம்மா செத்தது, அவன் சொன்னது, நான் சொன்னது. கடைசியாக, அவனிடமே சொல்லாத ஒன்றையும் சொன்னேன்.

நண்பகல் எக்காளத்தைத் தினமும் ரேடியோவில் ஒலிபரப்புவார்கள்; அம்மா அப்போது அடுப்படி ரேடியோ முன்னால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்பாள். லெஷெக் முறையென்றால் உடனே கண்டுபிடித்துவிடுவாள். "இது என் பிள்ளை. அவன் மூச்சு எடுக்கற இடம் எனக்குத் தெரியும்" என்பாள். கேட்டுக் கேட்டு எனக்கும் அது பழகிவிட்டது. அம்மா செத்த அன்று பேராலயத்தை விட்டு வெளியே வந்தபோது பன்னிரண்டு அடித்து எக்காளம் கேட்டது. லெஷெக் என்று தெரிந்தது. மூன்றாவது முறை ஊதும்போது ஒரு இடத்தில் குரல் நடுங்கியது. அவன் ஊதி அப்படி நான் கேட்டதே இல்லை. சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் ஃபோனைத் திறந்தேன். சேதி தெரிந்து, இறங்கி வர முடியாமல், ரேடியோவில் ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க, அவன் நாலு சன்னலிலும் நின்று ஊதியிருக்கிறான். இது தெரிந்திருந்தும்தான் அடக்கத்தன்று, நீயும் மேலதானே நின்னே என்று கேட்டேன்.

இங்கர் ஆறுதல் சொல்லவில்லை. "பேசாம கையசைச்சிடு. இவனோட நான் எழுபது வருஷமா பேசறேன், ஒரு பிரயோஜனமும் இல்லை" என்று தம்பியைக் காட்டினாள்.

சதுக்கத்தில் கூட்டம் சேர்ந்திருந்தது. ஃபுளோரியன் தெரு முனையில் அவர்களை நிறுத்தினேன். மூன்றாவது சன்னல் அந்தப் பக்கம்தான். ஊருக்கு வரும் விருந்தாளிகளுக்காக ஊதுகிற சன்னல் என்பார்கள். ஆனால் மணி நெருங்க நெருங்க என் தைரியம் போய்விட்டது. அவன் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால்? குடையை இங்கர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு கடை வாசல் பந்தலுக்கு அடியில் போய் நின்றுகொண்டேன். மேலிருந்து பார்த்தால் பந்தல் மட்டும்தான் தெரியும்.

பன்னிரண்டு அடித்தது. முதல் சன்னல் ராஜாவுக்கு, வாவெல் பக்கம். லெஷெக்தான். மூச்சு எடுக்கிற இடம் மாறவே இல்லை. இரண்டாவது, நகரத் தலைவருக்கு, சதுக்கத்துப் பக்கம்.

"அக்செல்!" என்று இங்கர் கத்தினாள். தம்பியைக் காணோம். ரொட்டி வண்டி பக்கம் எள்ளு தூவின வளைய ரொட்டி வாசனை பிடித்துக்கொண்டு போய்விட்டார். கூப்பிட்டால் காது கேட்காது. நான் காலையில் சொன்னது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். குடையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள்.

அதே நேரம் மூன்றாவது சன்னல் திறந்தது.

எக்காளம் ஒலித்தது, நடுவில் நின்றது. ஒரு கை வெளியே வந்து அசைந்தது. கூட்டம் பதிலுக்குக் கையசைத்தது. வழக்கமாக இரண்டு தரம் அசைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். இந்தக் கை போகவில்லை. தோள் வரைக்கும் வெளியே வந்து, ஒரே திசையில் அசைத்துக்கொண்டே இருந்தது.

இங்கர் என் பக்கம் திரும்பினாள். "போஷெனா, அவர் குடையைப் பார்த்து அசைக்கறார். ஆனா குடைக்குக் கீழ நான்ல இருக்கேன்!"

நான் பந்தலை விட்டு வெளியே வருவதற்குள் கை உள்ளே போய்விட்டது. சன்னல் சாத்திக்கொண்டது.

"இன்னொரு சன்னல் இருக்குன்னு சொன்னியே?"

"கோவிலுக்குப் பின்னால. சின்னச் சந்தைப் பக்கம்."

"அப்ப இங்க ஏன் நிக்கறே? ஓடு!" என்று குடையை என் கையில் திணித்தாள்.

ஐம்பத்திரண்டு வயதில், முட்டி வலியோடு, குதிரை வண்டிகளுக்கு நடுவே புகுந்து ஓடினேன். ஜெர்மன்காரர்களின் கூட்டம் ஒன்றைப் பிளந்தேன். யாரோ திட்டினார்கள், நானும் திரும்பிப் பார்க்காமல் திட்டினேன். சின்னச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலாவது சன்னலில் அவன் பாதி ஊதிவிட்டான். குடையைத் தூக்கினேன். எக்காளம் நின்றது. அவன் தலை வெளியே வந்தது. இடது கையில் குடை, வலது கையை நான் அசைத்த அசைப்பில் பக்கத்தில் பூ விற்கிறவள் ஒதுங்கி நின்றாள். மேலே கை அசையவில்லை. அவன் தொப்பியைக் கழற்றினான். கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

இரண்டு நிமிடம் கழித்து ஃபோன் அடித்தது. அந்த எண்ணை நான் அழிக்கவே இல்லை.

"என்ன, மூச்சு வாங்குது?"

"ஓடி வந்தேன்."

"பார்த்தேன். ஆறு வருஷமா மணியடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப இந்தக் குடை சந்துக்குள்ள ஓடும். அது போனப்புறம்தான் எக்காளத்தைக் கையில எடுப்பேன். இன்னைக்குத்தான்டீ என்னைப் பார்த்து ஓடி வருது."

"லெஷெக், அம்மா போன அன்னைக்கு நீ ஊதினதை நான் கேட்டேன். மூணாவது சன்னல்ல நடுங்கிச்சு. தெரிஞ்சும் உன்னை அப்படிச் சொல்லிட்டேன்."

வைத்துவிட்டானோ என்று பயந்தேன்.

"யாருமே கண்டுபிடிக்கலைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றான்.

"அம்மா கேட்டிருந்தா கண்டுபிடிச்சிருப்பா."

"அம்மா கேக்கலைன்னுதானே நடுங்கிச்சு."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இருவரும் அழுதோம். பூக்காரி எனக்கு ஒரு காகிதக் கைக்குட்டை கொடுத்தாள்.

"மேல வா" என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஒரு மணிக்கு ஊதறப்ப பக்கத்துல நில்லு. இருநூத்துச் சொச்சம் படி. முடியலைன்னா நடுவுல உக்காந்துக்கோ."

"ஆள் ரெண்டு பேர் கூட இருக்காங்களே."

அதற்குள் அவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். அக்செல் வாய் நிறைய ரொட்டி. "என்ன நடந்தது? எதையாவது விட்டுட்டேனா?" என்றார்.

"எல்லாத்தையும் விட்டுட்டே" என்றாள் இங்கர். பிறகு என்னைப் பார்த்து, "நீ போ. இன்னைக்கு இவன் தூங்க வேண்டாம். குடையை இங்க குடு, நாங்க கீழ நிக்கறோம்" என்றாள்.

படியேறினேன். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். மேலே கதவைத் திறந்து நின்றவன் தலை முழுக்க நரைத்திருந்தது; கீழேயிருந்து அது எனக்குத் தெரிந்ததே இல்லை. அவன் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தரைக்கு வந்தால்தான் பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன், பேசாமலும் இருக்க முடிந்தது.

ஒரு மணிக்கு மூன்றாவது சன்னலில் ஊதி முடித்துவிட்டு அவன் என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தான். கீழே கூரையும் தலையுமாக இருந்தது. இத்தனை வருடம் ஊரைக் காட்டியவளுக்கு அங்கிருந்து எது எங்கே என்று ஒன்றும் பிடிபடவில்லை.

"அதோ பாரு" என்று லெஷெக் விரலை நீட்டிக் காட்டினான். "மஞ்சள் குடை."

நான் கையசைத்தேன்.