புளிச்ச காபி

மாமனாரின் தொண்டையில் இருந்த கட்டி கரைந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். எல்லோரும் என்றால் மாமனாரும் மருமகளும்தான். மகனுக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. வருஷத்தில் பாதி கடலோடுதான் குடித்தனம்.

உயிர் தப்பியது. ருசி தப்பவில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்ததிலிருந்து எதை வாயில் வைத்தாலும் அட்டைப்பெட்டியை நனைத்து மெல்லுகிற மாதிரி இருக்கிறது என்றார் மாமனார். லாரி ஓட்டியே காலம் கழித்த மனுஷர். ஒரு காலத்தில் அவர் சாப்பிடுவதைப் பார்த்தாலே பக்கத்தில் இருப்பவனுக்குப் பசிக்கும். இப்போது ரெண்டு வாய் விழுங்கிவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவார். சட்டை அவர் மேல் மாட்டித் தொங்கியது.

"அவர் எதுக்கு ஆசைப்படறாரோ அதைக் கொடுங்க. ஒரு ருசி திரும்பினா போதும், சாப்பாடு தன்னால பின்னாடி வரும்" என்றாள் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்கிற பெண்.

"என்ன வேணும் மாமா?"

"நல்ல காபி ஒண்ணு. வேற ஒண்ணும் வேண்டாம்மா."

மருமகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. சட்டத்தின் அளவுக்கு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துப் பொருத்த வேண்டும். நாள் முழுக்க நின்றபடி, ஈரமான வெள்ளைத் தூசி நகக்கண்ணில் ஏற ஏற, ஒரு மயிரிழை கூடாமல் குறையாமல் பார்த்துப் பார்த்து, சாயங்காலம் வெளியே வரும்போது தெருவிளக்கெல்லாம் ரெட்டையாகத் தெரியும். அவளுக்குக் காபி என்பது தூக்கத்தை விரட்டுகிற மருந்து. டப்பாவிலிருந்து ஒரு கரண்டி தூள், சுடுபால், சர்க்கரை. கலக்கினால் முடிந்தது.

அதைத்தான் முதலில் கொடுத்தாள். மாமனார் குடித்துவிட்டு, "வெந்நீர்" என்றார். குறை சொல்லவில்லை, தகவல் மாதிரி சொன்னார்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் காபிக் கொட்டை வறுத்து விற்கிற கடை ஒன்று இருந்தது. அங்கே போய் விஷயத்தைச் சொன்னாள். கடைக்காரர் கையால் சுற்றுகிற சின்ன அரைவை மெஷின் ஒன்றும் வடிகட்டக் காகிதமும் எடுத்துக் கொடுத்தார்.

"குடிக்கிற நேரத்துல அரைங்க. தண்ணி கொதிச்சு அடங்கட்டும், அப்புறம் ஊத்துங்க. முதல்ல தூளை நனைச்சு விட்டுட்டுச் சும்மா இருங்க; அது பொங்கி வரும். பிறகு மெதுவா, சுத்திச் சுத்தி. ரொம்பப் பொடியா அரைச்சா கசந்துடும், ரொம்பப் பெருசா இருந்தா புளிச்சுடும். நடுவுல எங்கயோதான் இருக்கு காபி. கொஞ்ச நாள் பால் சேர்க்காம குடிச்சுப் பாருங்க, பிடிபடும்."

"பால் இல்லாமயா? இது என்ன, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்று மாமனார் முதல் நாள் சிரித்தார். ஆனாலும் குடித்தார். குடித்துவிட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மணம் வருது. நாக்குக்குத் தெரியலம்மா."

அப்படியே நாட்கள் போயின. வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றி, அரைவையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு சுற்றுவாள். தோள் வலிக்கும். கொட்டையை மாற்றிப் பார்த்தாள், தண்ணீரை மாற்றிப் பார்த்தாள், அரைவையை இறுக்கியும் தளர்த்தியும் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் முதல் வாயை அவள்தான் சுவைப்பாள். மெல்ல மெல்ல அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது: இன்று ஓரத்தில் ஒரு கசப்பு; இன்று விழுங்கிய பிறகு வறுத்த வேர்க்கடலை; இன்று பழத்தோல் மாதிரி என்னவோ. யாருக்காக இதெல்லாம் செய்கிறோமோ அவருக்கு ஒன்றும் தெரியாமல், தனக்கு மட்டும் நாக்கு விழித்துக்கொண்டது அவளுக்கு உறுத்தியது. அதனால் நன்றாக வந்த நாட்களில்கூட, "சுமார்தான் மாமா" என்று சொல்லிக் கொடுப்பாள்.

"எப்படி இருக்கு?"

"வெந்நீர்தான். போதும்மா, நீ போய்ப் படு."

படுக்க முடியாது. துணி இருக்கும், பாத்திரம் இருக்கும், நாளைக்கு அவருக்கு மிக்ஸியில் அடித்து வைக்க வேண்டிய கஞ்சி இருக்கும்.

ஒரு நாள் கண்ணாடிக் கடையில் எல்லாம் கோணல். ஒருவர் கண்ணாடியைப் போட்டதும் தலை சுற்றுகிறது என்று திரும்பக் கொண்டுவந்தார். தேய்க்கிற இயந்திரத்தில் தண்ணீர் வராமல் ரெண்டு லென்ஸ் பாழாயிற்று. முதலாளி எல்லோர் முன்னாலும் திட்டினார். வீட்டுக்கு வந்தால் லிஃப்ட் ஓடவில்லை. படியேறி வந்து, நின்றபடியே காபி போட்டாள். முந்தின நாள் சுத்தம் செய்தபோது தளர்த்திய அரைவையை இறுக்க மறந்துவிட்டாள். தூள் ரவையை விடப் பெரிதாக விழுந்தது. தண்ணீர் சுடட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. சுவைத்துப் பார்க்காமலே கோப்பையை அவர் கையில் கொடுத்தாள்.

மாமனார் ஒரு வாய் உறிஞ்சினார். முகம் கோணியது.

"என்னம்மா இது, இப்படிப் புளிக்குது!"

அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம். "ஆமா, புளிக்கும்! நாள் பூரா நின்னுட்டு வர்றேன். நானும் மனுஷிதானே? பிடிக்கலைன்னா கொட்டிடுங்க. நாளையிலிருந்து டப்பாத் தூள்தான், சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அடுக்களைக்குத் திரும்பினாள். குழாயைத் திறந்தாள். பிறகு மூடினாள். கையைக்கூடத் துடைக்காமல் வந்து நின்றாள்.

"மாமா, இப்ப என்ன சொன்னீங்க?"

அவர் இன்னொரு வாய் எடுத்து, குழந்தை மாதிரி அதை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார். விழுங்கினார். "புளிக்குதும்மா" என்றார் தாழ்ந்த குரலில். "ரெண்டு பக்கமும். இதோ, இங்கயும் இங்கயும்." கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

அவள் கோப்பையை வாங்கிக் குடித்துப் பார்த்தாள். இத்தனை நாளில் அவள் போட்டதிலேயே மட்டமான காபி. பல்லைக் கூசவைக்கிற புளிப்பு. அவள் தரையில் உட்கார்ந்தாள். சந்தோஷப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. சிரிப்பும் அழுகையும் கலந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது. "குடும்மா இப்படி" என்று அவர் கோப்பையைத் திரும்ப வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

கப்பலிலிருந்து மகன் பேசியபோது இருவரும் ஒரே நேரத்தில் சொல்ல முயன்றார்கள். "காபி புளிச்சுப் போச்சுன்னா ரெண்டு பேரும் அழறீங்க?" என்று அவன் குழம்பினான். புரிந்த பிறகு, எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "எப்படிப் புளிச்சுது, இன்னொரு தடவை சொல்லுங்கப்பா" என்றான்.

மறுநாள் வேண்டுமென்றே மட்டமாகப் போட்டாள். தெரிந்தது. அதற்கடுத்த நாள் தெரியவில்லை. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு மறுபடி வந்தது. சில வாரங்களில் உப்பு வந்தது, தயிர் வந்தது; தட்டில் பாதி காலியானது. இனிப்பு ஒப்புக்குத்தான் வந்தது. கசப்பு வரவே இல்லை. "வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். எடை இறங்குவது நின்றது. அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

இப்போது சாயங்காலங்களில் ரெண்டு காபி. அவருக்குப் பெரிய தூளில் புளிப்பாக ஒன்று, அவளுக்குச் சரியான பதத்தில் ஒன்று. வேலை குறையவில்லை, கூடித்தான் போயிற்று. ஒரு நாள் அரைவையை மடியில் வைத்தபடியே அவள் கண் அசந்துவிட்டாள். மாமனார் எழுந்து வந்து அதை மெல்ல எடுத்தார்.

"இனிமே என்னுதை நானே போட்டுக்கறேன். உன்னுதையும் போடுவேன். ஆனா எனக்கு அது வெந்நீர்தான். நல்லா இருக்கா இல்லையான்னு நீதான் சொல்லணும்."

அவள் ஒப்புக்குக்கூட மறுக்கவில்லை. எழுந்து போய், புடவையைக்கூட மாற்றாமல் படுத்தாள். அடுக்களையில் கொட்டை அரைபடும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. நடுநடுவே அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். காபி வந்தபோது அவள் தூங்கிப்போயிருந்தாள். அவர் எழுப்பவில்லை.