எலி இல்லாத வீடு

தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குக் கிளம்பிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டதும் தையல்கார அக்காவை வயிறு கூப்பிடும். காலையில் சாப்பிட்ட கை ஈரம்கூடக் காய்ந்திருக்காது. மிஷினை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போவாள். ரொட்டி, பிஸ்கட், ஒன்றும் இல்லாவிட்டால் வெறும் சர்க்கரை. நின்றபடியேதான் தின்பாள். உட்கார்ந்தால் அது சாப்பாடு ஆகிவிடும் அல்லவா? எல்லோருக்கும் அளவெடுத்துத் தைக்கிறவள், தன் சட்டையின் பக்கத் தையலை மட்டும் அளவெடுக்காமலே பிரித்துவிட்டுக்கொள்வாள்.

டப்பாக்கள் எப்படிக் காலியாகின்றன என்று தம்பி ஒருநாள் கேட்டான். "எலிடா" என்று வாயில் வந்துவிட்டது.

"நல்ல வளர்ப்பு அண்ணி இந்த எலி," என்றாள் தம்பி மனைவி. "தின்னுட்டு டப்பாவை இறுக்கி மூடி வச்சிட்டுல்ல போகுது!"

மூவரும் சிரித்தார்கள். அக்காதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

தம்பி சும்மா இருக்கிறவன் இல்லை. தின்பண்டத்தையெல்லாம் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினான். சமையல் மேடையில் ஒரு கம்பிப் பொறி, அதில் வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டு.

மறுநாள் வீடு காலியானது. "கடவுளே, இந்தப் பசியை எடுத்துடு" என்று தினமும் போலக் கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். பிறகு தினமும் போலவே எழுந்து போனாள். பொறியில் இருந்ததைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள் கண்ணுகளா, கையை நீட்டினாள். பொறி படாரென்று விரலைக் கவ்வியது. அதைப் பிடுங்கி உதறிவிட்டு, கண்ணில் நீர் வழிய, கீழே விழுந்த துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை. பார்க்க யாராவது இருந்திருக்கலாமே என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

சாயங்காலம் தம்பி பொறியைத் தூக்கிப் பார்த்தான். "கில்லாடி எலிதான்க்கா! ரொட்டியையும் தின்னுட்டுத் தப்பிச்சிருச்சு. இரு, நாளைக்கு எலி மருந்தைத் தடவி வச்சிட்டுப் போறேன்."

துணி சுற்றிய விரலை மடியில் மறைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். நாளைக்குக் கதவைச் சாத்தப்போகும் சத்தம் இப்போதே காதில் கேட்டது. மருந்து என்று தெரியும். தெரிந்தும் கை போகாது என்று சத்தியம் செய்ய அவளால் முடியவில்லை.

"வைக்காதடா."

"ஏன்க்கா, பாவம் பாக்குறியா?"

"வச்சா நான் தின்னுடுவேன்."

தம்பி சிரித்தான். அவள் துணியை அவிழ்த்து விரலை மேசைமேல் வைத்தாள். கறுத்து வீங்கிய நகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"எலியெல்லாம் இல்லடா. நான்தான். நீங்க போனதும் ஆரம்பிப்பேன். நிறுத்த முடியல."

தம்பி மனைவி விரலுக்குக் களிம்பு தடவினாள். தம்பி அலமாரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"பூட்டாத," என்றாள் அக்கா. "பூட்டினா இன்னொரு பொய் சொல்லுவேன். என்கிட்ட கேளுங்க, அது போதும்."

மறுநாளும் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. வயிறும் கூப்பிட்டது. கண்ணை மூடினாள். பழைய வேண்டுதல் பாதி வாயில் வந்து நின்றுவிட்டது. இத்தனை நாளும் கடவுளிடமும் எலிக் கதைதானே சொல்லியிருக்கிறோம்!

"பசி இல்ல கடவுளே," என்றாள். "தனியா இருக்கேன்."

பதில் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் யாரோ காது கொடுத்துக் கேட்டதுபோல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

மதியம் தம்பி மனைவி போன் செய்தாள். "சாப்டாச்சா அண்ணி?"

ஆச்சு என்ற ஒரு சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை விழுங்கினாள்.

"சாப்பிட்டேன்மா. அப்புறம் ரொட்டியும் தின்னேன். நின்னுக்கிட்டேதான்."

"சரி. மிச்சம் இருக்கா?"

அக்கா டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"இருக்கு," என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அப்ப வர்றப்ப ரொட்டி வாங்கல. போனை வச்சிடுறேன் அண்ணி."

டப்பாவை மூடிவிட்டு மிஷினில் வந்து உட்கார்ந்தாள். வீட்டில் யாரும் இல்லை. எலிகூட இல்லை.