நிழலில் ஓடிய படகு

அந்த ஏரியில் நிழலை ஊற்றி ஓடிய முதல் எஞ்சின் ஸ்பானர் அக்காவின் படகில் இருந்தது. அதற்கு முன்பு டீசலில்தான் ஓடியது. டீசல் வரத்து நின்றதும் சமையல் எண்ணெய், ஆமணக்கெண்ணெய், சாராயம் என்று ஆளாளுக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எஞ்சின் எல்லாவற்றையும் குடித்துவிட்டுப் புகையைக் கக்கிப் படுத்துக்கொண்டது. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் கணவர் தையல்காரர், சிறுநீரகம் கைவிட்ட மனிதர். வாரம் இருமுறை அக்கரை ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். தவறினால் ஆள் தங்கமாட்டார். ஒரு மாலை, காலி டேங்கைத் துடைக்க அவள் மூடியைத் திறந்தபோது அவளுடைய நிழல் அதற்குள் விழுந்தது. எஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

நிழல் நீளமாக இருக்கும் காலையிலோ மாலையிலோ ஊற்ற வேண்டும். உச்சி வெயிலில் ஊற்றினால் கரையைக்கூடத் தாண்டாது. புகைக்குழாயிலிருந்து மரத்தடிக் குளிர்ச்சி வந்தது. படகு போன வழியெல்லாம் மீன்கள் கூட்டமாகப் பின்தொடர்ந்தன. கரையில் நின்றவர்கள் குளிருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்கள். மரத்தின் நிழலையும் பக்கத்து வீட்டார் நிழலையும் எஞ்சின் துப்பிவிட்டது. அக்கரைக்குப் போய்த்தான் தீரவேண்டும் என்றிருப்பவரின் நிழல் மட்டுமே அதற்கு ஒத்துக்கொண்டது. எரிபொருளைச் சோதிக்க வந்த இன்ஜினியர் இரண்டு முறை படகில் போய்வந்து தலையைச் சொறிந்தார்.

"நல்லாத்தாம்மா ஓடுது. ஆனா கட்டுப்படியாகாது. உங்களுக்கு இருக்கிறது ஒரே ஒரு நிழல்."

"அவரும் எனக்கு ஒருத்தர்தானே சார்" என்றாள் அக்கா.

போகப் போக அவள் நிழலில் கொண்டை காணாமல் போனது, பிறகு தோள், பிறகு இடுப்பு. மூன்று வருடத்தில் செருப்பளவுதான் மிஞ்சியது. தன்னுடையதை ஊற்றச் சொல்லித் தையல்காரர் கெஞ்சும்போதெல்லாம், "இருக்கிற உடம்பே நூலா இருக்கு. சும்மா படுங்க" என்று அடக்கிவிடுவாள். ஒரு காலை, ஏரி நடுவில் அந்தச் செருப்பளவும் தீர்ந்து படகு நின்றது. அவருக்கு முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வெயிலில் நின்ற அக்கா காலடியில் பார்த்தாள். பேருக்குக்கூட ஒரு கறுப்பு இல்லை. வாய்விட்டு அழுதாள்.

பல மாதமாகத் தானாக எழாத மனிதர் பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். காலை வெயிலில் அவர் நிழல் படகைத் தாண்டித் தண்ணீர்வரை நீண்டது.

"துணி பத்தலைன்னா ஒட்டுப் போட்டுத் தைக்கிறதில்லையா? அழாதே, கொஞ்சம் தள்ளி நில்லு."

சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, தோளிலிருந்து குதிகால்வரை தன் நிழலை நேராக வெட்டினார். தண்ணீரில் கிடந்த நுனியைக் கத்தரித்துச் சுருட்டி டேங்கில் போட்டார். வெட்டிய பாதியின் ஒரு முனை தன் காலோடே இருக்க, மறுமுனையை அவள் குதிகாலில் வைத்து நாலு தையல் போட்டார். அக்கா எஞ்சினைக் கிளப்பினாள். படகு நேராக ஆஸ்பத்திரித் துறையில் போய்த்தான் நின்றது.

இருவருக்குமாகத் தைத்த அந்த நிழல் ஏனோ குறையவில்லை. எவ்வளவு ஊற்றினாலும் மறுநாள் காலைக்குள் வளர்ந்துவிடுகிறது. இன்ஜினியர் மறுபடி வந்து, கட்டுப்படியாகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது அவர்கள் ஒருவரைவிட்டு ஒருவர் அதிக தூரம் போவதில்லை, தையல் இழுக்கும். சேர்ந்து தெருவில் வரும்போது, எதிரே வருகிறவர்கள் நிழலை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கிப் போகிறார்கள்.